கனூப் பயணத்தில் ஒற்றை அடுப்புச் சமையல்: கேள்வி பதில்

ரொறன்ரோ பக்கத்திலிருந்து அல்கொன்குவின் என்ற காட்டுப் பூங்காவுக்குப் போய், அங்கே கனூ என்ற துடுப்பு ஓடத்தில் ஏரிகளைக் கடந்து கரைகளில் தங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். அடுப்பு, காஸ், சாப்பாடு பற்றி மட்டும் பதில் சொல்கிறேன்.

ஸ்காபரோ: அக்கா, நாங்கள் இரண்டு பேர், 3 இரவு. முதல் தடவை. எந்த அடுப்பு, எவ்வளவு காஸ்?

திருகிப் பூட்டும் காஸ் டப்பாவின் தலையிலேயே உட்காருகிற சின்ன அடுப்பு உங்களுக்குப் போதும். நல்ல அடுப்புகள் பல 100 கிராம்கூட இல்லை. காற்றில்லாத இடத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் காஸ் போகும். காலையில் தேத்தண்ணியும் உப்புமாவும், இரவில் சோறும் பருப்பும் என்றால் இரண்டு பேருக்கு நாளொன்றுக்கு 50, 60 கிராம் பிடியுங்கள். 3 இரவுக்கு 230 கிராம் டப்பா ஒன்று காணும். நான்கு பேர் என்றால் இரண்டு.

இந்தக் கணக்கைக் குழப்புவது காற்றுதான். ஏரிக்கரைக் காற்றில் செலவு இரட்டிப்பாகிவிடும். பாறை மறைவில் வைத்துச் சமையுங்கள். தகரத் தட்டியால் அடுப்பைச் சுற்றிவர அடைக்காதீர்கள். சூடு டப்பாவில் இறங்கினால் அது வெடிக்கும். ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

புறப்படும் முன் வீட்டு முற்றத்தில் ஒருக்கா மூட்டி, ஒரு நேரச் சாப்பாட்டை முழுதாகச் சமைத்துப் பாருங்கள். புது டப்பாவைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையை அதன் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

இன்னொன்று. மழை வந்தாலும் குளிர் வந்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. அடுப்பு எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும்.

ஏஜாக்ஸ்: டின் மீன், தேங்காய்ப்பால் டின் கொண்டுபோனால் சமையல் சுலபம்தானே?

அல்கொன்குவினின் உட்பகுதிக்குள் உணவு டின்னும் கண்ணாடிப் போத்தலும் தடை. காஸ் டப்பாவுக்கு அந்தத் தடை இல்லை. மீனுக்குப் பொதியில் அடைத்த டூனா, பாலுக்குத் தேங்காய்ப்பால் மா. வெறும் பொதிகளைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

பிக்கரிங்: அங்கே என்னதான் சமைக்கலாம்? நூடுல்ஸ் தவிர ஏதாவது சொல்லுங்கள்.

இதைக் கேட்டதற்கு நன்றி. காட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு சுடர், ஒரு சட்டி. தாளிப்பும் வறுப்பும் வீட்டிலேயே முடியட்டும், அங்கே கொதிதண்ணீர் வேலை மட்டும் இருக்கட்டும்.

காலைக்கு ரவை உப்புமா. வீட்டில் ரவையை நன்றாக வறுத்து, எண்ணெயில் கடுகு, உளுந்து, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, கஜு தாளித்து, உப்போடு கலந்து ஆறவைத்துப் பையில் கட்டுங்கள். அங்கே ஒரு கப் ரவைக்கு இரண்டரைக் கப் கொதிதண்ணீர். கொட்டிக் கிளறி, அடுப்பை அணைத்து, மூடி ஏழு நிமிடம் விடுங்கள்.

மத்தியானம் அடுப்பே வேண்டாம். அவலை ஊறவைத்து, சீனியோ சம்பலோ சேர்த்துச் சாப்பிடலாம். துடுப்புப் போடுகிற நடுவில் மூட்டையைப் பிரித்து அடுப்பு மூட்டினால் அரை நாள் போய்விடும்.

இரவுக்குச் சோறும் மைசூர்ப் பருப்பும். பாஸ்மதியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். கொதி வந்த பின் ஐந்து நிமிடம் சிறு தீயில் விட்டு அடுப்பை நிறுத்துங்கள். சட்டியை மூடியோடு ஒரு தடித்த துவாயில் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் மிச்ச வேக்காட்டைச் சூடே பார்த்துக்கொள்ளும். குத்தரிசிக்கு இது சரிவராது. பருப்பு பதினைந்து நிமிடத்தில் கரையும். மஞ்சள், காய்ந்த வெங்காயம், கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் மா. தமிழ்க் கடைகளில் விற்கும் காய்ந்த இடியப்பமும் நல்லது. சுடுதண்ணீரில் நனைத்தெடுத்து, அதே பால்மாவில் சோதி வைத்துவிடலாம். சோயா மீட்டும் சுடுதண்ணீரில் ஊறினாலே பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் இரவுக்கு மட்டும், உறையவைத்த இறைச்சிக் கறியைக் குளிர்ப்பையில் கொண்டுபோங்கள். அன்றைக்கே நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

விட்பி: கருவாடு?

வேண்டாம். கருங்கரடிக்கு மோப்பம் மிகக் கூர்மை. சாப்பாடு, பற்பசை, அழுக்குச் சட்டி எல்லாவற்றையும் கட்டி, நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். கனூக்காரர் சாப்பாடு கொண்டுபோகும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாவில் போட்டாலும் தொங்கத்தான் வேண்டும். அது கரடிக்கு அடைப்பல்ல.

பிரம்டன்: தங்குமிடத்தில் கல்லடுப்பு இருக்குமாமே. விறகில் சமைத்தால் காஸ் சுமை மிச்சம்.

இருக்கிறது. ஆனால் இரண்டு நாள் மழை பெய்தால் காய்ந்த விறகு கிடையாது. கோடையில் தீத்தடை அறிவித்தால் விறகு நெருப்புக்கே இடமில்லை, காஸ் அடுப்பை மட்டும் மூட்டலாம். விறகை நம்பி அடுப்பில்லாமல் போகிறவர் பச்சை ரவையைத்தான் சாப்பிட வேண்டி வரும்.

மார்க்கம்: தங்கச்சி, பருப்பென்றால் துவரம்பருப்புத்தான், கடலையும் அவிக்க வேண்டும். சின்னக் குக்கர் ஒன்றைக் கொண்டுபோனால் காஸும் மிச்சம், நேரமும் மிச்சம். ஏன் அதைச் சொல்லவில்லை?

அண்ணா, கணக்குப் பார்ப்போம். சுடரைத் தணித்து வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் ஒரு கிராம் காஸ் போகும். துவரம்பருப்பு திறந்த சட்டியில் முக்கால் மணி நேரம், ஆக 45 கிராம். குக்கரில் 15 கிராம். மிச்சம் 30. குக்கர் ஒன்றரைக் கிலோ, அலுமினியச் சட்டி 200, 300 கிராம். கூடுதல் சுமை 1,200 கிராம். அந்தப் பாரத்தைக் காஸில் திருப்பி எடுக்க நாற்பது தடவை பருப்பு அவிக்க வேண்டும். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவையும் மூட்டையையும் தோளில் சுமக்கும் போர்ட்டேஜ் வழியில் அந்த ஒரு கிலோவை நன்றாகவே உணர்வீர்கள்.

மிசிசாகா: அண்ணன் சொல்வது சரி. இமயமலைக்குப் போகிறவர்கள் குக்கர் இல்லாமல் போவதில்லையே!

அங்கே உயரம் அப்படி, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், பருப்பு வேகாது. அல்கொன்குவின் ஏரிகள் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. தண்ணீர் 98 பாகை தாண்டித்தான் கொதிக்கும். குக்கருக்கு அங்கே அந்த வேலை இல்லை.

பிரம்டன்: நான் அக்கா பக்கம். மைசூர்ப் பருப்பு இருக்க ஏன் இந்தப் பாடு?

மார்க்கம்: மைசூர்ப் பருப்பும் துவரம்பருப்பும் ஒரே ருசியா, தங்கச்சி?

இல்லை. ருசியில் உங்களோடு எனக்குத் தகராறு இல்லை. என் கவலை சுமை மட்டுமல்ல. டப்பா மேல் உட்காரும் அடுப்பின் கைகள் மிகக் குறுகியவை. நிறைந்த குக்கர் அதில் ஆடும், சாய்ந்தால் கொதிதண்ணீர் காலில். ஆஸ்பத்திரி இருப்பது இரண்டு ஏரிக்கு அப்பால். அகலமான அடிப்பாகம் சூட்டைக் கீழே டப்பாவுக்கும் திருப்பும். துவரம்பருப்பு அவ்வளவு ஆசையென்றால் வீட்டில் வேகவைத்து, மசித்து, உலர்த்திப் பொடியாக எடுத்துப் போங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் பத்து நிமிடத்தில் பருப்பு.

மில்டன்: 230 கிராம் டப்பா இரண்டு பேருக்குக் காணுமா?

முதல் பதிலில் கணக்கு இருக்கிறது.

ஓக்வில்: மழை என்றால் கூடார வாசல் மறைப்புக்குள் வைத்துச் சமைக்கலாமா? உள்ளே இல்லைதானே.

வாசலும் கூடாரம்தான். கூடாது. ஒரு தார்ப்பாயை ஆள் நிற்கும் உயரத்துக்கு மேலே கட்டி, நாலு பக்கமும் திறந்துவிட்டு அதன் கீழ் சமையுங்கள். கூடாரத்தில் சாப்பாட்டு மணம் ஏறினால் கரடியையும் கூப்பிடுகிறீர்கள்.

வோன்: ஒக்டோபரில் அடுப்பு சோம்பிப் போகிறது. ஏன்?

பியூட்டேன் பூச்சியம் பாகையருகே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் −11 வரை, புரோப்பேன் −42 வரை தாங்கும். கலவையைப் பார்த்து வாங்குங்கள். டப்பாவை ஏரித்தண்ணீர் உள்ள தட்டையான கிண்ணத்தில் நிறுத்தினாலும் உயிர் வரும், ஏரி காற்றைவிடச் சூடாக இருக்கும். நெருப்பில் காட்டாதீர்கள்.

ஹமில்டன்: மூன்று இரவுக்கு எத்தனை காஸ் டப்பா?

தயவுசெய்து முதல் பதில்.

ஓஷாவா: ஏரித்தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்துக் குடியுங்கள். கழுவுகிற தண்ணீரை ஏரியில் ஊற்றாமல் கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளி மண்ணில் ஊற்றுங்கள்.

மார்க்கம்: தங்கச்சி, ஒன்று சொல்ல மறந்தேன். நாங்கள் ஆறு பேர், ஒபியோங்கோ ஏரியில் ஒரே இடத்தில்தான் தங்குகிறோம். தூக்கி நடக்கிற வேலை இல்லை.

அதை முதலே சொல்லியிருந்தால் பதிலும் வேறாக இருந்திருக்கும், அண்ணா. அப்படியென்றால் குக்கரைக் கொண்டுபோங்கள். ஆனால் சின்ன அடுப்பில் ஏற்றவேண்டாம். இரண்டு சுடர் உள்ள புரோப்பேன் அடுப்பு எடுத்து, சரிவில்லாத நிலத்தில் வையுங்கள். கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள், ஊறும் பாத்திரத்தையும் சாப்பாட்டோடு தொங்கவிட வேண்டும். ஆவி முழுக்க இறங்கின பிறகே மூடியைத் திறவுங்கள். ஒபியோங்கோ பூங்காவிலேயே பெரிய ஏரி. மத்தியானக் காற்றில் அலை எழும், அத்தனை சாமானோடு காலையிலேயே கடந்துவிடுங்கள்.