பேசேஜை எத்தனை முறை படிக்கலாம்?

சட்டப் படிப்புக்கான கிளாட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வுகளில் பேசேஜை, அதாவது வினாத்தாளில் தரப்படும் உரைப்பகுதியை, படித்து விடையளிக்கும் பகுதி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவி. டிசம்பரில் கிளாட் எழுதப்போகிறேன். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசை. ஒரு பேசேஜைப் படித்து முடிக்கவே எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. கேள்விகளை முதலில் படித்துவிட்டுப் பேசேஜுக்குப் போனால் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள் தோழிகள். சரியா? (தஞ்சாவூர்)

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கிளாட் இளநிலைத் தேர்வில் 120 கேள்விகள், 120 நிமிடம். 2020 முதல் எல்லாப் பகுதியும் பேசேஜ் வடிவில்தான் வருகிறது. கணிதத்தை விட்டுவிட்டால் ஆங்கிலம், பொது அறிவு, சட்டம், தர்க்கம் நான்குக்கும் சேர்த்து ஏறக்குறைய 20 பேசேஜ். ஒவ்வொன்றும் 450 சொல் வரை போகும். ஆக, மொத்தம் சுமார் 9,000 சொல். நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் படித்தாலும் 60 நிமிடத்தில் முடித்துவிடலாம். மீதி 60 நிமிடம் கேள்விகளுக்கு. நெருக்கடிதான், ஆனால் முடியும். அதே பேசேஜ்களை இரண்டு முறை படித்தால் 120 நிமிடமும் படிப்பதிலேயே போய்விடும்.

450 சொல்லுக்கு ஆறு நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 75 சொல்தான். பிளஸ் டூ படிக்கும் ஒருவரின் கண் அவ்வளவு மெதுவாக நகராது. நீங்கள் 150 வேகத்தில் படிக்கிறீர்கள், ஆனால் இரண்டு முறை படிக்கிறீர்கள். வரியின் நடுவில் கவனம் சிதறியதும் கண் மேலே ஓடி, வந்த வழியையே மறுபடி நடக்கிறது. எனவே வேகத்தைக் கூட்டப் பாடுபட வேண்டாம். திரும்பிப் போவதை நிறுத்துங்கள்.

வழி எளிது. ஒரு அட்டையை எடுத்து, படிக்கப்போகும் வரிகளை மூடாமல், படித்து முடித்த வரிகளை மட்டும் மூடிக்கொண்டே கீழே இறக்குங்கள். முதல் சில நாள் ஒன்றும் புரியாதது போல இருக்கும். திரும்பிப் பார்க்கலாம் என்ற தைரியத்தில் அரைக் கவனத்தோடு படித்துப் பழகிவிட்டதால் வரும் தடுமாற்றம் அது, விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஓரத்தில் மூன்று நான்கு சொல்லில் சாரத்தை எழுதுங்கள். ‘பழைய விதி’, ‘அதன் குறை’, ‘மாற்று யோசனை’ என்று தமிழிலேயே எழுதலாம். அந்த மூன்று சொல்லை எழுத முடியாத பத்திக்கு மட்டும் திரும்பிப் போக அனுமதி. ‘ஹவெவர்’, ‘யெட்’, ‘ஆல்தோ’ போன்ற திருப்பச் சொற்களை வட்டமிடுங்கள். ஆசிரியர் தன் சொந்தக் கருத்தைப் பெரும்பாலும் அவற்றை ஒட்டித்தான் வைப்பார்.

கேள்விகளை முதலில் படிப்பது கிளாட்டுக்குப் பெரிதாக உதவாது என்பதே எங்கள் கருத்து. ‘ஆசிரியரின் மையக் கருத்து என்ன’, ‘இதிலிருந்து எதை ஊகிக்கலாம்’ போன்ற கேள்விகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு என்ன தேடப்போகிறீர்கள்? விடைத் தெரிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஆபத்து இன்னும் அதிகம். நான்கில் மூன்று தவறான வாக்கியங்கள். அவற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு பேசேஜுக்குள் போனால், அங்கே இல்லாததும் இருப்பது போலத் தெரியும்.

கேள்வி: தினமும் 10 பேசேஜ் செய்கிறேன். இரண்டு மாதமாகியும் ஆங்கிலப் பகுதியில் 24-க்கு 14-ஐத் தாண்டவில்லை. இரண்டு விடைகளை நீக்கிவிடுகிறேன். மீதி இரண்டில் நான் எடுப்பது தவறாகிவிடுகிறது. (திண்டுக்கல்)

பதில்: 10 என்பதை மூன்றாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரம் முழுவதையும் திருத்துவதற்குச் செலவிடுங்கள். செய்யவேண்டியது இது. கடிகாரம் வைத்து மூன்றையும் முடியுங்கள். சரியான விடைகள் உள்ள விடைத்தாளைத் திறக்காதீர்கள். சந்தேகம் இருந்த கேள்விகளை மட்டும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல், வேறு நிறப் பேனாவில் இன்னொரு முறை செய்யுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பேசேஜில் எந்த வரி ஆதாரம் என்று அடிக்கோடிடுங்கள். அதன் பிறகு விடைத்தாள். முதலில் தவறி, இரண்டாம் முறை சரியானால் அது அவசரத்தால் வந்த பிழை. இரண்டு முறையும் தவறினால் புரிதலில் பிழை. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. உடனே விடைத்தாளைப் பார்ப்பவருக்கு, தன் நோய் எது என்பதே கடைசிவரை தெரியாமல் போகிறது.

இனி அந்தக் ‘கடைசி இரண்டு’ சிக்கலுக்கு வருவோம். தமிழிலேயே ஒரு சிறு பகுதி:

“மேட்டூர் அணை குறுவைப் பாசனத்துக்காக ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது வழக்கம். உரிய நாளில் திறந்தால் நடவு பருவத்தோடு நடக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்துபோன ஊர்களில், தலைமடையில் நடவு முடிந்த பிறகும் கடைமடை வயல் காய்ந்து கிடப்பதுண்டு. அணை திறந்த தேதியை மட்டும் வைத்து அந்த ஆண்டுக் குறுவையைக் கணித்துவிட முடியாது.”

ஆசிரியரின் மையக் கருத்து எது?
(அ) ஜூன் 12-இல் அணையைத் திறப்பதால் குறுவைக்குப் பயன் இல்லை.
(ஆ) குறுவையைக் கணிக்க, திறப்புத் தேதியோடு வாய்க்கால்களின் நிலையையும் பார்க்க வேண்டும்.
(இ) வாய்க்கால் தூர்வாரும் பணியில் அரசு அக்கறை காட்டுவதில்லை.
(ஈ) தூர்ந்த வாய்க்கால் உள்ள ஊர்களில் கடைமடை வயல் காய்வதுண்டு.

(அ) பகுதியின் சொற்களையே எடுத்து, அளவை மீறிவிட்டது. ‘மட்டும் போதாது’ என்பது ‘பயன் இல்லை’ ஆகிவிட்டது. (இ) உலகத்தில் உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். பகுதியில் அரசு என்ற சொல்லே இல்லை. தஞ்சை மாவட்டப் பிள்ளைகள் இதில் விழ வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடக்கும். (ஈ) பகுதியில் உள்ள வரிதான், பொய்யே இல்லை. ஆனால் அது கருத்தை நிறுவ வந்த சான்று. கேட்டது மையக் கருத்து. கடைசி இரண்டில் (ஆ), (ஈ) நிற்கும். ‘இது உண்மையா’ என்று கேட்டால் இரண்டும் தேறிவிடும். ‘இது கேட்ட கேள்விக்கு விடையா’ என்று கேட்டால் (ஆ) மட்டும் நிற்கும்.

ஆகவே பிழைக் குறிப்பேட்டில் நான்கு தலைப்பு போதும்: அளவு மீறல், வெளிச் சரக்கு, உண்மை ஆனால் விடையல்ல, தலைகீழ். கடைசியாகச் சொன்னது, காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் மாற்றிவைப்பது. 30 பிழைகள் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். ஏதாவது ஒரு தலைப்பு மற்றவற்றைவிட நீண்டிருக்கும். அடுத்த மூன்று வாரம் அதை மட்டும் துரத்துங்கள்.

கேள்வி: சட்டப் பகுதியில் எனக்கு ஆர்வம் அதிகம், செய்தித்தாளில் தீர்ப்புகளை விடாமல் படிக்கிறேன். ஆனால் மதிப்பெண் அதில்தான் குறைகிறது. ஏன்? (நாகர்கோவில்)

பதில்: தெரிந்த சட்டம் நடுவில் வந்து பேசுகிறது. ஒரு உதாரணம். பேசேஜ் தரும் விதி இப்படி இருக்கட்டும்: ‘எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. ஆனால் ஒரு தரப்பு தன் கடமையை முழுவதும் நிறைவேற்றியிருந்தால், எழுத்து இல்லை என்று சொல்லி மறுதரப்பு பணம் தர மறுக்க முடியாது.’ சூழல்: வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டு ஒருவர் ஒரு வீட்டுக்கு முழுவதுமாக வெள்ளையடித்துக் கொடுத்தார், வீட்டுக்காரர் பணம் தர மறுக்கிறார். பணம் கிடைக்குமா?

முதல் வாக்கியத்தோடு நின்றவர் ‘கிடைக்காது’ என்பார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும் என்று தெரிந்தவர், ‘கிடைக்கும், ஏனெனில் வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும்’ என்ற தெரிவை எடுப்பார். இரண்டும் தவறு. ‘கிடைக்கும், ஏனெனில் வேலையை முழுவதும் முடித்துவிட்டார்’ என்பதே விடை. தீர்ப்பு சரியாக இருந்தும் காரணம் தவறானால் மதிப்பெண் போய்விடும். உங்கள் மதிப்பெண் கரைவதும் பெரும்பாலும் இங்கேயாக இருக்கும்.

விதியைப் படிக்கும்போது ‘ஆனால்’, ‘தவிர’, ‘முழுவதும்’, ‘தெரிந்தே’ போன்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள். பயிற்சியில், விடை கண்டுபிடித்த பிறகு சூழலில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மேலே உள்ளதில் பாதி வீட்டுக்கு மட்டும் வெள்ளையடித்திருந்தால்? விடை புரண்டுவிடுகிறது. எந்தச் சொல்லை மாற்றினால் விடை புரளும் என்று தெரிந்தவருக்கே விதி புரிந்திருக்கிறது. செய்தித்தாளை நிறுத்த வேண்டாம். நடப்பு நிகழ்வுப் பகுதிக்கு அது வேண்டும்.

கேள்வி: என் மகள் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலப் பேசேஜ் என்றாலே பயப்படுகிறாள். சொற்பொருள் பட்டியல் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். 500 சொல் மனப்பாடம் செய்துவிட்டாள். ஆனாலும் புரியவில்லை என்கிறாள். (அருப்புக்கோட்டை)

பதில்: 500 சொல் பாடம் செய்யும் உழைப்பு உள்ள பெண் கண்டிப்பாகத் தேறுவார். உழைப்பை வேறு இடத்துக்குத் திருப்ப வேண்டும். தமிழ் வழிப் பிள்ளைகள் பலருக்குச் சொல்லைவிட வாக்கிய அமைப்புதான் தடை. தமிழில் விளக்கம் முன்னால் வரும். ‘நீதிமன்றம் போன ஆண்டு ரத்துசெய்த விதி வேறு வடிவில் திரும்பியிருக்கிறது’ என்போம். இதையே ஆங்கிலத்தில் ‘த ரூல் தட் த கோர்ட் ஸ்ட்ரக் டவுன் லாஸ்ட் இயர் ஹாஸ் ரிடர்ன்ட் இன் அனதர் ஃபார்ம்’ என்பார்கள். எழுவாய் முதலிலேயே வந்து நிற்கிறது. விளக்கம் நடுவில் புகுந்துகொள்கிறது. அந்த எழுவாய்க்கு உரிய வினை ‘ஹாஸ் ரிடர்ன்ட்’ எட்டுச் சொல் தள்ளி வருகிறது. வேகமாகப் படித்தால், திரும்பி வந்தது நீதிமன்றமோ என்று தோன்றிவிடும். இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு மாதம் இதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். தினமும் ஆங்கில நாளிதழ்த் தலையங்கத்திலிருந்து ஐந்து நீள வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் அடிக்கோடிட வேண்டும். நடுவில் புகுந்த விளக்கத்தை அடைப்புக்குள் போட வேண்டும். பிறகு முழு வாக்கியத்தையும் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடைப்பு தப்பினால் தமிழில் சொல்லும்போது காதே காட்டிக்கொடுத்துவிடும்.

பேசேஜை முதலில் 200 சொல்லில் தொடங்கலாம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல் உரைநடைகளே போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300, 450 என்று ஏற்றுங்கள். பேசேஜைப் படித்து முடித்த பிறகே அகராதியைத் திறக்க வேண்டும். தெரியாத சொல் வந்தால் அது பாராட்டா, குறையா என்று பக்கத்து வாக்கியத்திலிருந்து ஊகித்து, ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறி போட்டுவிட்டு நகரட்டும். புதிய சொல்லைத் தனியாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு எழுதட்டும்.

கேள்வி: க்யூட் தேர்வில் மொழிப் பாடமாகத் தமிழ் எடுத்திருக்கிறேன். தாய்மொழிதானே, தனியாகப் பயிற்சி வேண்டுமா? (ஈரோடு)

பதில்: கட்டாயம் வேண்டும். க்யூட் இளநிலைத் தேர்வு 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் ஒன்று. 2025 முதல் தாளுக்கு 50 கேள்விகள், எல்லாமே கட்டாயம், 60 நிமிடம். தாய்மொழியில் கண் தடங்கல் இல்லாமல் ஓடும். ஓடுகிற கண் இடைச்சொற்களைத் தவறவிடும். ‘மழை பெய்து ஏரி நிரம்பியது’, ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ இரண்டையும் பிரிப்பது ஒரு ‘உம்’ கொண்டுவரும் எதிர்பார்ப்பு. ‘அவரும் எதிர்த்தார்’ என்றால் வேறு யாரோ முன்பே எதிர்த்திருக்கிறார். ஊகக் கேள்விக்கு விடை அந்த ‘உம்’மில் இருக்கும். ‘ஐவரும் எதிர்த்தனர்’ என்றால் மிச்சம் யாரும் இல்லை. நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. ‘அவரும்’ என்பதில் வரும் எச்சவும்மையும் ‘ஐவரும்’ என்பதில் வரும் முற்றும்மையும் வகுப்பில் படித்தவைதான். அவற்றைப் படிக்கும் பகுதியில் தேடிப் பழகுங்கள். ‘மட்டும்’, ‘கூட’, ‘தான்’, ஏகாரம் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேர்வு கணினியில் நடப்பதால் பகுதியில் கோடு போட முடியாது. பயிற்சியிலும் பாதியைத் திரையில் செய்யுங்கள். சாரத்தைத் தனித்தாளில் எழுதுங்கள்.

கேள்வி: தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதால் சந்தேகமானவற்றை விட்டுவிடுகிறேன். சரியா? (வேலூர்)

பதில்: கிளாட்டில் சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழிவு. நான்கில் ஒன்றை நிச்சயமாக நீக்கிவிட்டு மீதி மூன்றில் ஒன்றை எடுத்தால், சராசரியாக ஒரு கேள்விக்கு 0.17 மதிப்பெண் லாபம். இரண்டை நீக்கினால் 0.375. க்யூட்டில் சரிக்கு 5, தவறுக்கு 1 என்பதால் லாபம் இன்னும் கூடும். எனவே ஒரு தெரிவையாவது ஆதாரத்தோடு நீக்க முடிந்தால் விடையளியுங்கள். ஒன்றையும் நீக்க முடியாத கேள்வியில் கிளாட்டில் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. அதற்காக ஒரு நிமிடம் உட்கார வேண்டாம்.

விட்டுச்செல்லும் கேள்விக்கு வினாத்தாளில் பெரிய வட்டம் போடுங்கள். விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாளில் ஒவ்வொரு பேசேஜ் முடிந்ததும் அதன் விடைகளை உடனே நிரப்பி, அடுத்ததைத் தொடங்கும் முன் கேள்வி எண்ணும் வரிசை எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். விட்ட கேள்விக்கு உரிய வரிசையைத் தாண்ட மறந்தால், அதன் பின் வரும் எல்லா விடையும் ஓரிடம் தள்ளி விழும்.