ஓடுவதை விட்ட பெண்

அன்புள்ள ஐயா,

நான் ஏற்காட்டுக்காரி. அப்பா காபித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். பள்ளியில் 800 மீட்டர் ஓடினேன். மாவட்டப் போட்டி வரை சிக்கல் இல்லை. மாநிலப் போட்டி என்றால் முந்தைய இரவு தூக்கம் போய்விடும், காலையில் வாந்தி. ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். பிளஸ் ஒன்னில் ஓடுவதை விட்டுவிட்டேன். இப்போது சேலத்தில் உளவியல் முதுகலை படிக்கிறேன். விளையாட்டு உளவியலாளராகி என்னைப் போன்ற பிள்ளைகளுக்குத் துணை நிற்க ஆசை. வீட்டில் ‘பைத்தியம் பார்க்கிற வேலையா?’ என்கிறார்கள். இதற்கு என்ன வழி? நம் ஊரிலேயே இருந்து செய்ய முடியுமா?

மலர்விழி, ஏற்காடு

அன்புள்ள மலர்விழி,

உங்களைப் பயந்தாங்கொள்ளி என்றவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நெஞ்சு படபடப்பதும் வயிறு புரட்டுவதும் கோழைத்தனம் அல்ல. உடல் பந்தயத்துக்குத் தயாராகும் விதம் அது. ஓரளவு வரை அந்தப் பதற்றம் ஓட்டத்துக்கு உதவும், அளவு மீறினால் காலைக் கட்டிப்போடும். மூச்சை எப்படி நிதானப்படுத்துவது, முதல் 200 மீட்டரில் எதை மட்டும் கவனிப்பது என்று அன்று யாராவது பழக்கியிருந்தால் நீங்கள் இன்னும் சில வருடங்கள் ஓடியிருக்கக்கூடும்.

வீட்டாரிடம் குகேஷைப் பற்றிச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில், 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது அவருக்கு மனப் பயிற்சியாளராக இருந்தவர் பேடி அப்டன். 2011இல் உலகக் கோப்பையை வென்ற நம் கிரிக்கெட் அணியுடனும் அவர் இருந்தார். தோற்பவர்களுக்கு மட்டும் தேவைப்படும் துணையும் அல்ல இது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகுதான் தன் மனம் பெரும் நெருக்கடியில் சிக்கியது என்று துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

படிப்பைப் பொறுத்தவரை, முதலில் முதுகலையை முடியுங்கள். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உளவியலுக்கு என்ன வாய்ப்பு என்று விசாரியுங்கள். மனநோய்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு கட்டாயம். விளையாட்டு உளவியலுக்கு அப்படித் தனிப் பதிவு இல்லாததால் மேடையில் கைதட்டல் வாங்கத் தெரிந்த எவரும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள். மனச்சோர்வில் விழுந்த பிள்ளையையும், எடையைக் குறைக்கச் சாப்பாட்டையே வெறுக்கும் பிள்ளையையும் அடையாளம் கண்டு, உரிய மருத்துவரிடம் அனுப்பத் தெரிவது உங்கள் தொழிலில் பெரும்பகுதி.

மீதிப் படிப்பு மைதானத்தில் இருக்கிறது. சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் காலை நேரத்தில் போய் உட்காருங்கள். ஆலோசனை எதுவும் சொல்லாமல் பல மாதம் பாருங்கள். கணுக்காலில் கட்டுப் போட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் பையனிடம் யாராவது பேசுகிறார்களா? பெண்ணின் நேரம் அரை நொடி கூடியதும் கேலரியில் இருக்கும் தந்தையின் முகம் எப்படி மாறுகிறது? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு அரசு வேலை என்று ஒரு குடும்பத்தின் எதிர்காலம் முழுவதும் பதினாறு வயதுக் கால்களின் மேல் ஏற்றப்பட்டிருக்கும். அந்தப் பிள்ளையிடம் ‘ஜாலியாக ஓடு’ என்று சொல்வதில் பயன் இல்லை. அந்தச் சுமையைப் பற்றி வாய்விட்டுப் பேச அதற்கு ஓர் ஆள் வேண்டும். பயிற்சியாளருக்குப் பதக்கம் வேண்டும், பள்ளிக்குக் கோப்பை வேண்டும், பெற்றோருக்குச் சான்றிதழ் வேண்டும். பிள்ளையிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரே ஆளாக நீங்கள் இருக்க வேண்டும். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

உங்களுக்கு வரும் சோதனையும் இதில்தான். பயிற்சியாளர் உங்களைத் தனியே அழைத்து, “அவள் என்ன சொன்னாள்?” என்று கேட்பார், பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான். நீங்கள் சொல்லக்கூடாது. சொன்னது தெரிந்தால் அந்தப் பெண் மட்டுமல்ல, அணியே உங்களிடம் வாயைத் திறக்காது. எதை வெளியே சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள் என்பதை முதல் நாளே பயிற்சியாளர், பெற்றோர், பிள்ளை மூவரையும் வைத்துப் பேசிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க முடியாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை பாலியல் தொல்லையைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் எத்தனை பதக்கம் வாங்கித் தந்த குருவாக இருந்தாலும் சரி.

வேலையைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் பெரிய பயிற்சி மையங்களிலும் தொழில்முறை அணிகளிலும்தான். சேலத்திலேயே இருப்பதென்றால் பள்ளி மனநல ஆலோசகராகச் சம்பளத்துக்குச் சேர்ந்து, மாலையில் மைதானத்துக்குப் போவது நடக்கக்கூடிய வழி. வருமானம் மெதுவாகத்தான் வரும். ஆனால் பெரியவடகம்பட்டியிலிருந்து பாராலிம்பிக் வீரர் மாரியப்பனையும் சின்னப்பம்பட்டியிலிருந்து கிரிக்கெட் வீரர் நடராஜனையும் அனுப்பிய மாவட்டம் இது. துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சம் வராது.

அடுத்த குறுவட்டப் போட்டிகள் தொடங்குமுன் உங்கள் பழைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். மாணவிகளை மலையிலிருந்து கீழே அழைத்துவரும்போது உடன் வர ஒரு பெண் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் வருவதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்.