கூலியைப் பற்றி ஆலயத்தில் பேசலாமா?

கேள்வி: என் அம்மா பீடி சுற்றுகிறார். ஆயிரம் பீடிக்கு ஏஜெண்டு கொடுக்கும் இலை போதாமல், சொந்தக் காசில் கடையில் இலை வாங்கிச் சேர்க்கிறார். சுற்றிக் கொடுத்தாலும் சரியில்லை என்று நிறையக் கழித்துவிடுகிறார்கள். அந்த ஏஜெண்டும் எங்கள் சபையார்தான். வாலிபர் கூட்டத்தில் இதைச் சொன்னதற்கு, "ஆலயத்தில் அரசியல் வேண்டாம், ஜெபம் பண்ணு" என்றார்கள். நான் செய்தது தவறா?
- ஒரு வாசகி, முக்கூடல் வட்டாரம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

தவறே இல்லை. செய்யத்தகாததைச் செய்ததற்காக மட்டுமல்லாமல், செய்யத்தக்கதைச் செய்யாமல் விட்டதற்காகவும் பாவ அறிக்கையில் முழங்கால்படியிட்டு மன்னிப்புக் கேட்கிறோமே, அந்தச் செய்யாமல் விட்டதைத்தான் நீங்கள் சபையாருக்கு நினைவுபடுத்தியிருக்கிறீர்கள். வயலை அறுத்தவர்களுடைய கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். பீடி இலைக்கும் அது பொருந்தும்.

ஜெபம் பண்ணச் சொன்னவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நம் திருநெல்வேலிச் சீமையில் ஜெபித்தவர்கள் ஜெபத்தோடு நின்றுவிடவில்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், விசுவாசத்தினிமித்தம் வீடுவாசல் இழந்தவர்கள் குடியேற நிலம் வாங்குவதற்காக 1830-இல் தருமசங்கத்தைத் தொடங்கினார். டோனாவூரில் மிஷனரி ஆமி கார்மைக்கேல் அம்மையார், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பெண்பிள்ளைகளுக்கு 1901 முதல் அடைக்கலம் கொடுத்து வளர்த்தார். அதே சீமையில்தான் சாதி பார்த்து உட்கார்ந்த சபைகளும், சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும் இருந்தன என்பதை வேதனையோடு சொல்கிறேன். பேச வேண்டியவர்கள் பேசாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

உங்கள் ஊர் அசனத்தை, சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அந்த ஆலய விருந்தை, நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு அரிசியும் காணிக்கையும் சேர்த்து, ஒரே அண்டாவில் பொங்கி, ஏஜெண்டும் உங்கள் அம்மாவும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். பரிமாறுகிறவர் ஆள் பார்த்து அகப்பையைச் சாய்ப்பதில்லை. அந்தப் பந்தியின் நியாயம் மறுநாள் இலை நிறுத்துக் கொடுக்கும் தராசிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது அரசியல் அல்ல, ஆராதனையின் தொடர்ச்சி என்றே நான் நம்புகிறேன்.

இனிச் செய்ய வேண்டியது. ஒரு மாதத்துக்கு, வாங்கிய இலை, கடையில் சேர்த்த இலை, கழித்த பீடி, கைக்கு வந்த கூலி ஆகியவற்றை அன்றன்றைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்களையும் எழுதச் சொல்லுங்கள். 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளராகவே கருதியது. பீடித் தொழிலாளருக்குரிய அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதியும் கேட்க அம்மாவுக்கு உரிமை உண்டு. கூட்டத்தில் வைத்து ஏஜெண்டின் பெயரைச் சொல்லிவிட வேண்டாம். மத்தேயு 18-ஆம் அதிகாரம் சொல்கிறபடி முதலில் தனியாகப் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் இரண்டொருவரோடு போங்கள், அதற்கும் அசையாவிட்டால் சேகர குருவானவரிடமும் தொழிற்சங்கத்தாரிடமும் சொல்லுங்கள். முதல்முறை போகிற அன்று அம்மாவையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். அம்மாவின் கணக்கை அம்மாவே வாசிக்கட்டும்.