கேள்வி பதில்: பரணில் ஏறிய புத்தகங்கள்

கேள்வி: என் கணவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் நந்தனம் புத்தகக் காட்சியிலிருந்து இரண்டு கட்டைப்பை நிறையப் புத்தகங்களோடு வருகிறார். பரணும் கட்டிலின் அடியும் நிரம்பி, இப்போது ஊறுகாய் ஜாடி இருந்த தட்டும் போய்விட்டது. பாதிக்குமேல் பிரித்தே பார்க்கப்படவில்லை. இது வாசிப்பா, வியாதியா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வியாதி என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, என் வீட்டிலும் இதே கதைதான். சில நூறு படிகள் மட்டுமே அச்சாகும் தமிழ் நூல் ஒன்று தீர்ந்துபோனால் மறுபதிப்பு எப்போது வரும் என்பது பல சமயம் பதிப்பாளருக்கே தெரியாது என்பதால், பின்னால் வாசிக்க இப்போதே வாங்கிவைப்பதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆகவே பிரிக்காத புத்தகங்களை எண்ணாதீர்கள். ஏதாவது ஒரு நூலின் பெயரைச் சொல்லி எடுத்துவரச் சொல்லுங்கள். நேராகப் போய் எடுத்துவந்தால் கவலை இல்லை. ‘எங்கேயோ இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஜனவரியில் அதையே மறுபடி வாங்கிவந்தால் கவலைப்படலாம். (என்னிடம் ஒரே நூல் மூன்று படிகள் இருக்கின்றன.)

அவர் உங்களிடம் ரோஜா முத்தையாவைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த முத்தையா செட்டியார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் மற்ற அச்சுப் பொருள்களுமாக ஒரு லட்சம் அளவிலான தொகுப்பை, 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது வெளிநாடு போகாமல் 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாகி, இன்று தரமணியில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் முத்தையா சேர்த்தவற்றில் நாடக நோட்டீசும் திருமண அழைப்பும்கூட இருந்தன. மற்றவர்கள் வாசித்துவிட்டு வீசியதை அவர் எடுத்துவைத்தார். புத்தகக் காட்சியில் எல்லாருக்கும் கிடைப்பதை வாங்கி அடுக்குவது வேறு. வாசித்தால் போதும் என்னும் நூலுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. நாட்டில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி அங்கு வந்து சேர வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. ஊறுகாய்த் தட்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய பழைய நூல்களால் அலமாரி முழுவதும் ராமபாணப் பூச்சி பரவிவிட்டது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பூச்சி தேடுவது கதையை அல்ல, பைண்டிங்கில் இருக்கும் பசையையும் சுவரின் ஈரத்தையும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும். பச்சை இலை ஈரத்தைத்தான் கூட்டும். இனி நடைபாதையில் வாங்குவதைச் சில வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

கேள்வி: காலமான என் தந்தை விட்டுச்சென்ற ஆயிரம் நூல்களை ஏதாவது ஒரு நூலகத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். வாங்கிக்கொள்வார்களா? வார இதழ்களிலிருந்து கிழித்துப் பைண்டு செய்த தொடர்கதைகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கினால் யாரும் வாங்கமாட்டார்கள். முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு என்று எழுதி, அந்தப் பட்டியலை அனுப்புங்கள். தங்களிடம் உள்ளதை அவர்கள் மறுப்பது இயல்பு. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலை அடிகள் சேர்த்த நூல்களே, 1950இல் அவர் மறைந்த பின் எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் நூலகமாகத் திறக்கப்பட்டன. ஆகவே பொறுமை வேண்டும்.

பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டியது கலைக்களஞ்சியங்களைத்தான், பைண்டுகளை அல்ல. தொடர்கதை பின்னால் நூலாக வந்திருக்கும். ஆனால் அந்த வாரத்து ஓவியமும், பக்கத்தின் பின்புறம் பாதியில் அறுபட்ட தைல விளம்பரமும், ஓரத்தில் உங்கள் தந்தை பேனாவால் எழுதிய தேதியும் எந்தப் பதிப்பிலும் இருக்காது.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுக் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நீரில் ஊதி ஒன்றோடொன்று இறுகிப்போனதால், ஒன்றைக்கூட உருவ முடியாமல் தச்சரை அழைத்து அலமாரியின் பக்கப் பலகையை அறுத்தோம். பைண்டுகள் தரையில் இருந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் இடுப்பு உயரத்துக்காவது ஏற்றிவிடுங்கள்.