ஐந்து பேர் சேர்ந்து செய்யும் மாணவர் அனிமேஷனில் எடிட்டிங்குக்கும் ஒலிக்கும் நேரம் மிஞ்ச என்ன செய்யவேண்டும்?

கேட்டவர் சொன்ன நிலவரம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் இரண்டு பேர், சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று பேர். ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் பால்வெட்டுக்காரர் ஒருவரின் விடியற்காலையைப் பற்றி 90 விநாடி 2டி படம். பத்து வார அவகாசம். போன படத்தில் எடிட்டிங், ஒலி, வண்ணம் எல்லாம் கடைசி இரண்டு இரவில் திணிக்கப்பட்டன.

எடிட்டிங்கைக் கடைசி வேலையாக வைத்ததுதான் கோளாறு. அதை இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு.

விநாடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேம் நிறுத்தி வரைந்தால் விநாடிக்கு 12 படம், 90 விநாடிக்கு 1,080. அசையாமல் நிற்கும் இடம், திரும்பத் திரும்ப வரும் நடை, பின்னணி மட்டும் நகரும் ஷாட் ஆகியவற்றைக் கழித்துப் பாதி என்று வைத்தாலும் 540. பத்து வாரத்தில் முதல் இரண்டு வாரம் கதைக்கும் அனிமேட்டிக்குக்கும் (ஸ்கெட்ச்களை நேரப்படி அடுக்கிய முன்னோட்டப் படம்), கடைசி மூன்று பிந்தைய வேலைகளுக்கும் போனால் வரைவதற்கு ஐந்து வாரம். மூன்று பேர் வரைந்தால் ஆளுக்கு வாரம் 36 படம். ரஃப், சுத்தக்கோடு, வண்ணம் சேர்த்து ஒரு படத்துக்கு 35 நிமிடம் பிடித்தால் வாரத்துக்கு 21 மணி நேரம். வகுப்பும் அசைன்மெண்டும் இருக்கிறவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. படத்தை 60 விநாடியாக்கினால் அதே கணக்கு 14 மணி நேரத்துக்கு இறங்கும். ஆகவே 30 விநாடியை இப்போதே வெட்டுங்கள். அனிமேட்டிக்கில் வெட்டினால் சில ஸ்கெட்ச்தான் போகும். ஒன்பதாம் வாரத்தில் வெட்டினால் ஒருவருடைய ஒரு மாத உழைப்பு போகும், சண்டையும் வரும். தீபாவளி இந்தப் பத்து வாரத்துக்குள் விழுந்தால் அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். எவரும் வரையப் போவதில்லை.

ஐந்து பேரில் மூவர் வரையட்டும். ஒருவர் பின்னணி ஓவியம், பிறகு அவரே கம்பாசிட்டிங், அதாவது வரைந்த படத்தையும் பின்னணியையும் ஒன்றாகச் சேர்ப்பது. ஐந்தாமவர் எடிட்டிங்கும் ஒலியும். "ஆள் பற்றாக்குறை, எடிட்டரும் கொஞ்சம் வரையட்டுமே" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விடாதீர்கள்.

இரண்டாம் வார இறுதியில் எடிட்டர் ஒரு டைம்லைன் திறந்து ஸ்டோரிபோர்டு படங்களைச் சரியான பிரேம் நீளத்தில் அடுக்கி, கைப்பேசியில் பதிந்த தற்காலிகக் குரலைச் சேர்க்கவேண்டும். அன்றிலிருந்து படத்துக்கு அந்த டைம்லைன் ஒன்றுதான். ஒவ்வொரு ஷாட்டும் ரஃப், சுத்தக்கோடு, வண்ணம் என்று வளர வளர, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் முழுப்படத்தையும் ஓட்டிப் பாருங்கள். பாதி ஸ்கெட்சாகவே இருந்தாலும், எந்த ஷாட் நீளம், எங்கே வேகம் செத்துப்போகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஏழாம் வார இறுதியில் பிக்சர் லாக், அதாவது வெட்டையும் நீளத்தையும் பூட்டிவிடுவது. அதன்பின் ஷாட்டை மாற்றலாம், ஆனால் பிரேம் எண்ணிக்கை மாறக்கூடாது. நடுவில் ஒரு ஷாட்டில் 10 பிரேம் கூடினால், அதற்குப் பிறகு வரும் எல்லா ஒலியும் படத்தைவிட 10 பிரேம் முந்தி நிற்கும்.

பிரேம் ரேட்டை முதல் நாளே எழுதி வைத்துக் கையெழுத்து வாங்கினாலும் தப்பில்லை. 24-இல் வரைந்த பி.என்.ஜி. வரிசையை (பிரேமுக்கு ஒரு படக்கோப்பு) 25-ஆக இறக்குமதி செய்தால் 60 விநாடிப் படம் 57.6 விநாடியில் முடிந்துவிடும். 2.4 விநாடி விலகல் என்றால் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனுக்குள் கோப்பு வந்துவிட்டால் பிராஜெக்டின் பிரேம் ரேட்டை மாற்றவிடாது. அதனால் எதையும் இழுத்துப் போடுவதற்கு முன் அமைப்பைச் சரிபாருங்கள்.

ரெண்டரை (கணினி இறுதிப் பிரேம்களை உருவாக்கித் தருவது) எம்.பி.4-ஆக எடுக்காதீர்கள். நம் பக்கம் சாயங்கால இடிமழையில் கரண்டு போனால் முழுக் கோப்பும் பாழ். பி.என்.ஜி. வரிசையாக எடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிளெண்டரில் 'ஓவர்ரைட்' தெரிவை அணைத்துவிட்டால் ஏற்கெனவே இருக்கும் பிரேம்களைத் தாண்டிப் போகும். இதில் ஒரு பொறி உண்டு: கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த பிரேம் பழுதாகியிருக்கும், அதையும் "இருக்கிறது" என்று எண்ணித் தாண்டிவிடும். 'பிளேஸ்ஹோல்டர்' தெரிவு போட்டிருந்தால் சுழிய அளவுக் கோப்பும் கிடக்கும். கோப்புகளை அளவு வாரியாக அடுக்கி, சந்தேகமாகச் சிறுத்திருப்பதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிரேம் எண் நான்கு இலக்கமாக, 0001 என்று இருக்கட்டும்.

ரெண்டர் நேரத்தை ஊகிக்க வேண்டாம். இருப்பதிலேயே கனமான ஷாட்டில் 10 பிரேம் ஓட்டி அளந்து, ஒரு பிரேமுக்கு ஆகும் சராசரி நேரத்தை 1,440-ஆல் (60 விநாடி × 24) பெருக்குங்கள். பிரேமுக்கு 20 விநாடி என்றால் 8 மணி நேரம், ஓர் இரவில் ஆகிவிடும். 90 விநாடி பிடித்தால் 36 மணி நேரம். குறைந்தது இரண்டு தடவை முழுதாக ரெண்டர் செய்ய நேரும் என்று வைத்துக்கொண்டு எட்டாம் வாரத்தைத் திட்டமிடுங்கள்.

வண்ணத்தில் அடிக்கடி விழும் அடி ஒன்று. க்ரீட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்த படத்தைப் பிளெண்டரில் கம்பாசிட் செய்தால் நிறம் மங்கி வெளிறும். பிளெண்டர் 4.0 முதல் பொது டெம்ப்ளேட்டில் 'வியூ டிரான்ஸ்ஃபார்ம்' ஏஜிஎக்ஸ் என்று இருப்பதே காரணம். தட்டையான 2டி வண்ணத்துக்கு அதை 'ஸ்டாண்டர்ட்' ஆக்குங்கள். உங்கள் கதைக்கு இன்னொன்று. பால்வெட்டு விடிவதற்கு முன்பே தொடங்கும், மரத்தில் பால் நன்றாக ஓடும் நேரம் அதுதான். அதனால் இருட்டு வானம் சாம்பலாகி வெளுப்பது வரை பின்னணி ஷாட்டுக்கு ஷாட் மாறவேண்டும். ஷாட்டுக்கு ஒரு சின்ன வண்ணத்துண்டு வரைந்து வரிசையாக ஒட்டிவைத்தால் போதும், யார் ஷாட்டிலும் வானம் பொருந்தி நிற்கும். அந்த இருட்டு வானத்தின் மென்மையான நிறமாற்றம் 8-பிட் வீடியோவில் பட்டை பட்டையாகத் தெரியும். கம்பாசிட்டில் லேசாக கிரெய்ன் (பொடிப்புள்ளி) தூவினால் மறைந்துவிடும்.

தோட்டத்தில் இணையம் மெதுவாக இருக்கிறவர் முழு வரிசையையும் ஏற்றித் தவிக்கவேண்டாம். வார நாளில் 960×540 அளவில் சின்ன எம்.பி.4 போதும். வாட்சப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும், 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். மூலக் கோப்புகள் ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கில் கைமாறட்டும். பிளெண்டர் கோப்பைக் கொடுப்பதற்கு முன் பாதைகளை 'ரிலேட்டிவ்' ஆக்காவிட்டால், அடுத்தவர் கணினியில் படங்கள் காணாமல்போய் எல்லாம் ஊதாச்சிவப்பாக நிற்கும். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், ஷாட் எண், வேலை நிலை, பதிப்பு எண் என்ற வரிசையில். 'ஃபைனல்' என்ற சொல்லைப் பெயரில் தடைசெய்யுங்கள்.

ஒலிக்கு ஒரு முழு வாரம், ஒன்பதாவது. இறுதிக் குரலை மட்டும் உதடு வரைவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், கைப்பேசி ஏரோபிளேன் மோடில். தகரக் கூரை வீட்டில் மழை வந்தால் பதிவு கெட்டது, ஆகவே காலையில் பதியுங்கள். மெத்தையும் போர்வையும் சுற்றி வைத்தாலே எதிரொலி பாதி அடங்கும். ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் 30 விநாடி பதிந்து வைத்தால் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட உதவும்.

கத்தி மரப்பட்டையைச் சீவும் சத்தம், வாளிப் பிடி கிரீச்சிடுவது, மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்திலிருந்து பாலை வாளியில் ஊற்றுவது, தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது: இவைதான் இந்தப் படத்தின் உயிர். இணையத்தில் தேடி இறக்காதீர்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள். சுற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனையாகிவிட்டிருந்தால் பச்சைக் கிளையைக் கத்தியால் மெதுவாகச் சீவி மைக்குக்கு அருகில் பதியுங்கள். பின்னணிக்குப் பழைய சினிமாப் பாட்டு வேண்டாம். யூடியூப் உரிமைக்கோரல் வரும், போட்டியிலும் சிக்கல்.

தமிழ்த் தலைப்புகளைத் தனியாகச் சோதியுங்கள். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய வகைக்கு மாற்றவேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் இங்க்ஸ்கேப்பில் எழுதிப் பின்புலம் இல்லாத பி.என்.ஜி.யாக எடுத்து வைப்பதுதான் குறுக்குவழி. வசனம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் முதலில் யூனிகோடாக மாற்றுங்கள்.

பத்தாம் வாரத்தின் முதல் மூன்று நாளில் ஏற்றுமதி. ரிசால்வில் டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற உயர்தர வடிவில் மாஸ்டர் ஒன்று, அதிலிருந்து எச்.264 எம்.பி.4. விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் 60 விநாடிக்குச் சுமார் 150 எம்.பி. யூடியூபுக்குப் போவதானால் சத்தத்தை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (ஒலியுரப்பின் அளவு) அருகில் வையுங்கள். திரையிடும் மண்டபத்து புரொஜெக்டரிலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த விடியற்காலை அங்கே வெறும் கறுப்பாக நிற்கலாம், அப்போது நிழல்களைத் தூக்கி மறுபடி எடுக்க இன்னும் நாள் இருக்கும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது.