பொழி எப்படி அடையும்?

வணக்கம். உங்கள் கதையில் ‘பொழி அடைந்து கிடந்தது’ என்று வருகிறது. மழைதானே பொழியும், அது எப்படி அடையும் என்று குழம்பினேன். ஆறு கடலில் சேரும் இடம் என்று பிறகு ஊகித்தேன். கழிமுகம் என்றோ முகத்துவாரம் என்றோ எழுதியிருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்குமே?
ரா., கோவை

அன்புள்ள ரா.,

ஊகம் பாதி சரி. ஆறோ காயலோ கடலில் சேரும் வாய்தான் பொழி. ஆனால் அது மூடித் திறக்கிற வாய். கேரளத்தில் இதைக் கறாராகவே பிரிப்பார்கள்: வருஷம் முழுக்கத் திறந்திருப்பது அழி, மணல் வந்து அடைத்துக்கொள்வது பொழி. குமரிக் கடற்கரையிலும் பொழிதான். பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்குப் பக்கத்தில் பொழிக்கரை என்றே ஓர் ஊர் இருக்கிறது.

மழையில்லாத மாதங்களில் ஆற்றுக்கு வேகம் இருக்காது. அலை கொண்டுவந்து போடும் மணலைத் தள்ளிவிட ஆளில்லாமல் திட்டு எழும்பிவிடும். இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல்; நடுவே நடந்தே அக்கரை போகலாம். மழை பிடித்ததும் காயல் ஏறி வயலுக்குள் வரும். அப்போது மண்வெட்டியோடு போய் முழ அகலத்தில் ஒரு வாய்க்கால் கீறிவிட்டால் போதும். முதலில் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் பொத்பொத்தென்று மணல் இடிந்து விழ ஆரம்பிக்கும். வெட்டினவர் எந்தக் கரையில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் போகணும்! மலையாளத்தில் இதைப் பொழி முறித்தல் என்பார்கள். குட்டநாட்டு வெள்ளம் வடிய தோட்டப்பள்ளியில் 1955இல் ஷட்டர்கள் வைத்து அணையே கட்டினார்கள். அதற்கு அப்பாலும் மணல் அடைக்கிறது, இன்றும் பொழி முறிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கழிமுகம் பாடப்புத்தகத்தில் படித்த சொல். கழி சங்கப்பாட்டிலேயே உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் அடைவதும் உடைவதும் அதில் தெரியாது.

முகத்துவாரம் கதை வேறு. கொஞ்சம் சமஸ்கிருத வாடை அடித்தாலும் அது மக்கள் வாயில் புழங்குகிற சொல். பழவேற்காட்டில் மீனவர்களின் பல வருஷக் கவலையே முகத்துவாரம் தூர்ந்துபோவதுதான். மட்டக்களப்பில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரம் வெட்டுவார்கள். நாம் பொழி வெட்டுகிற அதே வேலை. கொழும்பில் களனி கங்கை கடலைத் தொடும் இடத்தில் ஊர்ப்பெயரே முகத்துவாரம். அங்கே நடக்கிற கதை என்றால் யோசிக்காமல் அதைத்தான் எழுதுவேன். மணக்குடிக்காரர் வாயில் வைத்தால் அவர் செய்தித்தாள் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. அடிக்குறிப்பு போட எனக்கு மனசில்லை. சரி, அடுத்த பதிப்பில் அந்த வரிக்கு முன்னால் யாராவது ஒருவரைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மணல்மேல் அக்கரைக்கு நடக்கவிடுகிறேன்.

அன்புடன்