24சி16 இருந்த இடத்தில் 24சி32: எழுதியது எங்கே போகிறது?

கேள்வி: லினக்ஸ் ஓடும் கன்ட்ரோலர் போர்டில் 24சி16 ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் தரவை வைத்திருக்கும் மெமரி சிப்) பழுதாகிவிட்டது. அதே எட்டுக் கால், அதே ஐ2சி (சிப்புகள் இரண்டு கம்பியில் பேசும் முறை) என்று 24சி32 வாங்கி சால்டர் செய்தேன். எழுதும்போது பிழை வருவதில்லை, படித்தால் குப்பை. 256 பைட்டைத் தாண்டினால் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. புதுச் சிப் கெட்டதா?

பதில்: சிப் நல்லதுதான், கழற்ற வேண்டாம். டிரைவர் (சிப்புடன் பேசும் லினக்ஸ் மென்பொருள்) இன்னும் பழைய சிப்பிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

24சி16-இல் 2,048 பைட். அதற்கு 11 பிட் முகவரி வேண்டும். ஒரு முகவரி பைட்டில் 8 பிட்தான் அடங்கும். மீதி மூன்றை ஐ2சி முகவரிக்குள்ளேயே செருகிவிட்டார்கள். அதனால் அந்த ஒரே சிப் ஹெக்ஸ் (16-அடி எண்முறை) 50 முதல் 57 வரை எட்டு முகவரிகளுக்கும் பதில் சொல்லும். 24சி32 அப்படியில்லை. ஒரே ஐ2சி முகவரி, ஆனால் உள்முகவரி (சிப்புக்குள் எந்த இடம் என்பது) இரண்டு பைட். 256-ஐத் தாண்டியதும் டிரைவர் 51-ஐக் கூப்பிடுகிறது. அங்கே ஆளில்லை, அதனால்தான் டைம்அவுட்.

எழுதுவதில்தான் ஆபத்து. ஹெக்ஸ் 10-ஆம் இடத்தில் 41, 42, 43 என்று மூன்று பைட் எழுதச் சொல்கிறீர்கள் என்று வையுங்கள். டிரைவர் 10, 41, 42, 43 என அனுப்பும். 24சி32 முதல் இரண்டையும் முகவரியாக எடுத்துக்கொண்டு, 42-ஐயும் 43-ஐயும் ஹெக்ஸ் 041-இல் கொண்டுபோய் வைக்கும். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன சிப் என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பு) 'பேஜ்சைஸ்' (ஒரே தடவையில் எழுதும் பைட் அளவு) கொடுக்காவிட்டால், இந்த ஈஈப்ராம்களுக்கான ஏடி24 டிரைவர் ஒவ்வொரு பைட்டாகத்தான் எழுதும். அப்போது 10, 41 இரண்டுமே முகவரியாகிவிடும்; எதுவுமே எழுதப்படாது. சிப் எல்லாவற்றுக்கும் 'சரி' சொல்லும், டிரைவரும் வெற்றி என்று திரும்பும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்காத இந்தப் பழக்கத்தை இத்தனை வருடமாக எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறோமோ!

தீர்வு: டிவைஸ் ட்ரீயில் 'கம்பாட்டிபிள்' வரியை 24சி32 என மாற்றுங்கள், 'ரெக்' (ஐ2சி முகவரி) 50 அப்படியே இருக்கட்டும், 'பேஜ்சைஸ்' 32 கொடுங்கள். ஒரு எழுத்துக்கு 5 மில்லிசெகண்ட் என்றால், பைட் பைட்டாக முழுச் சிப்பையும் நிரப்ப 20 செகண்ட்; 32-ஆக எழுதினால் ஒரு செகண்டுக்குள் முடியும். 64 என்று ஆசைப்படாதீர்கள். பக்கம் நிரம்பியதும் சிப் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, எழுதியதன் மேலேயே எழுதும்.

ஏ0, ஏ1, ஏ2 கால்களைப் பாருங்கள். 24சி16-க்கு அவை தேவையில்லாததால் போர்டில் எங்கும் இணைக்காமல் விட்டிருக்கலாம். 24சி32-க்கு அவைதான் முகவரி. மூன்றையும் கிரவுண்டில் சேருங்கள்.

தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். சின்ன சிப்புக்கு 24சி32 என்று டிரைவரிடம் சொன்னால், இரண்டாம் முகவரி பைட் தரவாகப் பதிந்து உள்ளதை அழிக்கும். இங்கேதான் தேய்த்து மறுபடி அச்சடித்த சிப் விற்கும் தரகர்களைச் சொல்லியாக வேண்டும். மேலே 24சி256 என்று இருக்கும், உள்ளே 24சி64. இந்தச் சிப்புகளில் பெரும்பாலானவற்றில் 'நான் யார்' என்று கேட்டறியும் வசதியே கிடையாது. எண்ணை நம்பாதீர்கள், சோதியுங்கள்: 0-இல் ஒரு மதிப்பு, 8192-இல் வேறொன்று எழுதி, 0-ஐத் திரும்பப் படியுங்கள். இரண்டாவது மதிப்பு வந்தால் ஏமாற்றிவிட்டார்கள். 'எல்லாம் ஒண்ணுதான், பெருசா போடுங்க' என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

நாளை 128 கிலோபைட்டுக்குப் போவதானால் ஒரு விதிவிலக்கு. 24சி1024-இல் 17-ஆம் முகவரி பிட் ஐ2சி முகவரியின் கடைசி பிட். ஆகவே 50, 51. மைக்ரோசிப்பின் 24எல்சி1025-இலோ அதே பிட் ஏ2-வின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 50, 54. அதன் ஏ2 காலைக் கட்டாயம் விசிசி-யில் (மின் சப்ளையில்) கட்ட வேண்டும். அடுத்து வந்த 24எல்சி1026-இல் மறுபடி 50, 51! எண் ஒன்று கூடியதற்கு முகவரியே மாறுகிறது. 1025-க்கென்று தனிப் பதிவு புதிய லினக்ஸ் கெர்னல்களில் உண்டு. பழையதில் இருந்தால் 1026-ஐ வாங்குங்கள்.

லினக்ஸுக்கு முன் ஓடும் பூட்லோடரான யூ-பூட்டும் இந்த ஈஈப்ராமைப் படித்தால், அங்கேயும் முகவரி நீளத்தை 1-இலிருந்து 2 ஆக்குங்கள். டிவைஸ் ட்ரீயில் லினக்ஸுக்கு மட்டும் மாற்றிவிட்டு இதை மறந்தால், ஈஈப்ராமில் வைத்திருக்கும் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) குப்பையாகவே வரும்.